மூலக்குறிப்பு

ஜனவரி 12

அண்ணனுக்கு,

இங்கே எனக்கும் வீட்டுக்காரருக்கும் மாறி மாறி ஜலதோஷம். அதைத் தவிர வேறு குறை கிடையாது. உன் முட்டிவலி எந்த மட்டில் இருக்கிறது? அண்ணி இன்னும் அந்தப் பல் டாக்டரிடம்தான் வேலைக்குப் போகிறாரா?

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அண்ணி கேட்டதற்கு, "ஊர் ஊராப் பழைய பேப்பர் மாத்திக்கிற ஆபீஸ்" என்று சொன்னாயாம். மானத்தை வாங்காதே. ஒரு நாட்டு ஆவணக் காப்பகத்தில் கரையானை ஒழிக்க நல்ல வழி ஒன்று கண்டுபிடிக்கிறார்கள் என்று வை. அதை எழுதி எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் மொழிபெயர்த்து, இதழில் அச்சடித்து, நாற்பது நாட்டுக் காப்பகங்களுக்கு அனுப்புவோம். அவர்கள் பதிலுக்குத் தங்களுக்குத் தெரிந்ததை எழுதுவார்கள். கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். நீ இருபது வருஷமாக எங்கள் இதழை ஓசியில் வாசிக்கிறாய், பதிலுக்கு ஒரு வரி எழுதியதில்லை.

இப்போது எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது. போன இதழில் பணக்கார நாட்டுக்காரர்கள் நனைந்த தாள்களை உலர்த்தும் இயந்திரத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதன் விலைக்கு உங்கள் கட்டடத்தையே வாங்கலாம். படித்துவிட்டுச் சின்னக் காப்பகங்களிலிருந்து ஒரே புலம்பல், எங்களுக்கு என்ன வழி என்று. எனக்கு உடனே உன் ஐஸ் கிடங்கு வித்தை ஞாபகம் வந்தது. போன வருஷம் உங்கள் கட்டடத்தில் தீப்பிடித்து, தீயணைப்பு வண்டித் தண்ணீர் கீழே இறங்கி எல்லாம் ஊறியபோது நீ செய்தாயே, அதைத்தான் சொல்கிறேன்.

உன் பெயர் வராது, பயப்படாதே. எங்கள் இதழில் பதவி மட்டும்தான் போடுவோம். எழுதியவர் பெரிய ஆளா சின்ன ஆளா என்று யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். "செப்பனிடும் பிரிவுப் பொறுப்பாளர்" என்று கீழே வரும். அண்ணியிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் எழுது. சாக்குச் சொல்லாதே.

உன் தங்கை


பிப்ரவரி 3

வாயாடிக்கு,

முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே ஆபீஸுக்கு வருகின்றன. உன் அண்ணி பல் டாக்டரிடம்தான். வருகிறவர்களைப் பார்த்து "வாயைத் திறங்க" என்று சொல்லிப் பழகி, வீட்டில் என்னைப் பார்த்து "வாயை மூடுங்க" என்கிறாள். மாப்பிள்ளைக்கு ஜலதோஷம் விட்டதா?

கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். சொல்ல என்ன பெரிதாக இருக்கிறது? நனைந்த தாளில் பூஞ்சை ஏறுமுன் ஐஸ் கிடங்கில் வைத்து உறையவிட வேண்டும். உறைந்துவிட்டால் அவசரமில்லை. வருஷக்கணக்கில் இருக்கும். பிறகு ஒவ்வொரு கட்டாக வெளியே எடுத்து, இளகும்போது மேல் தாளில் கண்ணாடித்தாளைப் படியவிட்டு, மூலையிலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். கொடியில் போட்டுக் காயவைக்க வேண்டும். காற்றாடியைத் தாளுக்கு நேரே வைக்கக் கூடாது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் புகுந்து விலக்குகிற மாதிரிதான். இழுத்தால் இரண்டும் கிழியும்.

எங்கள் மேலதிகாரி 'கொட்டாவி' ஓய்வு பெற்றுவிட்டார். பிரிவு உபசாரத்திலும் கொட்டாவி விட்டார். புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நம் துறை ஆள் இல்லை, எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. குரல் எழும்பாது. எவ்வளவு பெரிய விஷயமானாலும் மெத்தென்று பேசுவார். அதனால் 'மெத்தை' என்று வைத்திருக்கிறேன். வந்த முதல் வாரமே நிலவறைகளுக்கெல்லாம் பூட்டு மாற்றினார். பழைய பூட்டுகள் நன்றாகத்தான் இருந்தன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணனுக்கு,

ஜலதோஷம் போய் இருமல் வந்திருக்கிறது. உனக்கு முட்டிக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன், மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதே.

கட்டுரை எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி உவமையை மட்டும் எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் ஆசிரியர் நானே ஆனாலும் எனக்கு மேலே எங்கள் குழுத் தலைவி இருக்கிறாரே, 'அடிக்குறிப்பு அம்மா', அவர் திருப்பி அனுப்பிவிட்டார். மூலக்குறிப்பு இல்லையாம்.

நீயே சொல், இது நியாயம்தானே? "சில நனைந்த தாள்கள்" என்று எழுதியிருக்கிறாய். யாருடைய தாள்கள்? எந்த அலுவலகத்தில் உண்டானவை, இப்போது எந்த அறையில் இருக்கின்றன? இந்த வேலைக்கு வந்த நாளில் நமக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தாள் வெறும் குப்பை என்று எனக்குச் சொன்னதே நீதான். நாற்பது நாட்டு ஆவணக்காரர்கள் படிக்கப் போகிறார்கள். என் அண்ணன் எழுதியது மூலக்குறிப்பு இல்லாமல் வந்தால் எனக்குத்தான் தலைகுனிவு.

இரண்டே வரி போதும். ஏப்ரல் முதல் வாரத்தில் அச்சுக்குப் போகிறது.

உன் தங்கை


மார்ச் 15

வாயாடிக்கு,

இதைக் கரையான் கையில் கொடுத்தனுப்புகிறேன். பூச்சி ஒழிப்புப் பிரிவில் இருக்கிறாரே, அவர்தான். நீ இருக்கிற நாட்டில் நடக்கிற மாநாட்டுக்கு வருகிறார். காகிதத்தைக் கரையானிடம் ஒப்படைத்த முதல் ஆவணக்காரன் நானாகத்தான் இருப்பேன். இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா? களிம்பு வந்தது, இழுப்பறையில் இருக்கிறது.

நீ கேட்ட தாள்களைப் பற்றிச் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் துறைமுக வேலைநிறுத்தத்தில் பிடித்துக்கொண்டு போனவர்களின் காவல் கோப்புகள் அவை. உன் அண்ணியின் தம்பியும் அப்போதுதான் போனான். அவள் எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் என்று உனக்குத் தெரியும். போன வருஷம் தீ விபத்துக்குப் பிறகு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே பதில்தான், "எல்லாம் தீயில போயிடுச்சு" என்று. தீ மேல்மாடியில்தான் எரிந்தது. இவை கீழே தண்ணீரில் கிடந்தன. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் ஐஸ் கிடங்கில் கொண்டுபோய் வைத்தேன். இப்போது கட்டுக் கட்டாகப் பிரித்துக் காயவைத்து மூன்றாம் நிலவறையில் அடுக்குகிறேன். சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது.

அவன் பெயர் இன்னும் வரவில்லை. உன் அண்ணியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், வராவிட்டால் ஏன் மறுபடி அவளைக் கிளப்பிவிட வேண்டும்?

மூலக்குறிப்பைப் பற்றி யோசித்து எழுதுகிறேன். கரையானுக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு போடு.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணனுக்கு,

இருமல் போச்சு. நீயும் அண்ணியும் சௌக்கியம்தானே?

கரையானுக்கு வீட்டிலேயே சாப்பாடு போட்டேன். மனுஷன் வாயே திறக்கவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு நான் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தபால்தலைக் காசை மிச்சம் பிடிக்க ஒரு மனிதரைப் பிடித்திருக்கிறாய், உன் கஞ்சத்தனம் மாறவே மாறாது.

அண்ணியின் தம்பியைப் பற்றி எழுதியிருந்தாய். நீ செய்கிறது பெரிய காரியம் அண்ணா. நான் ஏதாவது எழுதினால் உனக்குக் கூச்சமாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

இப்போது சந்தோஷமான சங்கதி. இதழ் வந்துவிட்டது! மூலக்குறிப்பு எழுதுகிறேன் என்றாய், நீ எழுதுகிற ஆளா? அச்சுக்குப் போகிற நாள் வந்துவிட்டது. உன் கடிதத்திலிருந்து நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். "துறைமுகக் காவல் கோப்புகள், வேலைநிறுத்தக் காலத்தவை, காப்பகத்தின் மூன்றாம் நிலவறையில் உள்ளன." அடிக்குறிப்பு அம்மா படித்துவிட்டு, "இப்படித்தான் எழுதணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்து நான் பார்த்ததில்லை.

எல்லா உறுப்பு அலுவலகங்களுக்கும் பிரதிகள் போய்விட்டன. உங்கள் மேலதிகாரிக்கும் ஒன்று வரும். மெத்தைக்கு நம் துறை தெரியாது என்றாயே, இதைப் படித்தாவது நீ யார் என்று தெரிந்துகொள்ளட்டும்.

உன் தங்கை


மே 28

தங்கைக்கு,

நாங்கள் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இதழ் வந்தது. அச்சு நன்றாக இருக்கிறது. எனக்கு முன்பே மேலதிகாரி படித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். நான் எழுதாத அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்காட்டினார். பிறகு சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

ஐஸ் கிடங்குக்காரர் இனிமேல் நம் சரக்கை வைக்க இடமில்லை என்கிறார். கரையானை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை.

உன் உறைகள் இப்போதெல்லாம் அழுத்தமாக ஒட்டியிருக்கின்றன. இரண்டு தரம் பசை தடவுகிறாய் போலிருக்கிறது. நல்ல பழக்கம்.

உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. இதை மனதில் வைத்துக்கொள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன், நீ செய்ய வேண்டியதைச் செய்தாய். யோசித்துக்கொண்டு உட்கார்ந்திராமல் தூங்கு.

அண்ணன்


ஜூன் 16

அண்ணா,

உடம்பைப் பற்றி விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. என்ன நடக்கிறது அங்கே? வாயாடி என்று எழுதாமல் தங்கை என்று எழுதியிருக்கிறாய். உன்மேல் ஒன்றுமில்லை என்றால் என்ன அர்த்தம்? ஏதோ இருந்தால்தானே ஒன்றுமில்லை என்று எழுதுவாய்.

நான் பசையே தடவுவதில்லை. நாக்கால் நனைத்து ஒட்டுகிறவள், உனக்குத் தெரியாதா? அப்படியென்றால் வேறு யாரோ பிரித்துப் படித்துவிட்டு ஒட்டுகிறார்கள். கரையான் ஏன் அப்படி எதிரில் உட்கார்ந்திருந்தார் என்று இப்போது புரிகிறது. நான் படித்து முடித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதை மடித்துக் கைப்பையில் வைத்தேன். ஒரு வார்த்தை அவராவது சொல்லியிருக்கலாம். நீயாவது சொல்லியிருக்கலாம்.

நேற்று உன் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி என்றால் இவ்வளவு நேரம் பேசாமல் இருப்பாரா?

எதுவாக இருந்தாலும் எழுது. நலமாக இருக்கிறேன் என்று மட்டுமாவது எழுது.

வாயாடி


ஜூலை 9

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலமாக உள்ளேன். எனக்கு வேண்டிய வசதிகள் அனைத்தும் செய்து தரப்பட்டுள்ளன.

தங்கள் இதழில் வெளியான, நனைந்த தாள்களைப் பிரித்தெடுத்தல் பற்றிய கட்டுரையில் பிழையான செய்திகள் இடம்பெற்றுவிட்டன. அது குறித்து எமது காப்பகம் அனுப்பும் மறுப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் அமைப்பின் விதிப்படி அதனைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல் அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆவணத் துறையில் நாடுகளுக்கிடையே நிலவும் ஒத்துழைப்பு இதனால் மேலும் வலுப்பெறும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள


ஜூலை 21

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் வேலை செய்கிற பல் டாக்டரின் முகவரிக்கு அனுப்புகிறேன். மருந்துக் கம்பெனி விலைப்பட்டியல் மாதிரி உறை போட்டிருக்கிறேன். உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணன் எங்கே?

அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. கையெழுத்து அவனுடையதுதான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என்னைத் தாங்கள் என்று எழுதியிருக்கிறான். பிறந்ததிலிருந்து என்னை நீ, போ, வா, வாயாடி, சனியன் என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே "ஏய்" என்றவன். அந்தத் தாங்களைப் பார்த்ததும் உடனே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

யாரோ பக்கத்தில் நின்று எழுத வைத்திருக்கிறார்கள். ஒரு மறுப்பும் வந்திருக்கிறது, இதழில் போடச் சொல்லி. போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்தக் கோப்புகளே இல்லை என்று அதில் இருக்கிறது. அண்ணி, அந்தக் கோப்புகளைப் பற்றி அண்ணன் உங்களிடம் ஏதாவது சொன்னானா? சொல்லியிருந்தால் நான் எதைக் கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள்.

நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 7

நாத்தனாருக்கு,

நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். டாக்டர் நல்லவர், உன் கடிதத்தைத் திறக்காமல் கொடுத்தார்.

உன் அண்ணன் ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஆபீஸுக்குப் போனார். திரும்பவில்லை. அதற்கு முந்தின சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "உன் தம்பி பேர் வந்திருக்கு" என்றார். சாவியைக் கொடுப்பதற்கு முன்பே வந்துவிட்டதாம். என்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லையாம், இரண்டு வாரம் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அந்தத் தாளில் "ஒப்படைக்கப்பட்டார்" என்று இருந்ததாம். யாரிடம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லையாம். தேதி மட்டும் இருந்ததாம். நான் அவரைத் திட்டினேன். பத்து வருஷமாகத் தவித்தவளிடம் இரண்டு வாரம் மறைப்பாயா என்று திட்டினேன். கோபத்தில் நீ, வா, போ என்றெல்லாம் வந்துவிட்டது. கடைசியாக நான் பேசியது அதுதான்.

மெத்தை வீட்டுக்கு வந்தார். ஆமாம், அந்தப் பெயரை உன் அண்ணன் எனக்கும் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி பேசினார். "சின்ன விஷயம்மா. அந்த இதழ்ல மறுப்பு வந்துட்டா எல்லாரும் மறந்துடுவாங்க. அவரும் வீட்டுக்கு வந்துடலாம்" என்றார்.

நீ என்னைக் கேட்டதால் சொல்கிறேன். போடு. அந்தக் கோப்புகள் இல்லை என்று போட்டால் என் தம்பியும் இல்லை என்று ஆகிவிடும், எனக்குத் தெரியாமல் இல்லை. அவனை நான் பத்து வருஷம் தேடினேன். இப்போது தேடுவதற்கு என்னிடம் இருப்பது இந்த மனுஷன் ஒருத்தர்தான். எனக்குத் தாள் வேண்டாம், ஆள் வேண்டும்.

சீக்கிரம் போடு.

அண்ணி


செப்டம்பர் 26

அண்ணிக்கு,

அண்ணன் வந்துவிட்டானா? இந்தக் கடிதம் வருவதற்குள் வந்திருந்தால் முதலில் அவனைத் திட்டிவிட்டு அப்புறம் இதைப் படியுங்கள்.

போட்டுவிட்டேன். முதல் பக்கத்தில், கட்டம் கட்டி. பிரதிகள் எல்லா நாடுகளுக்கும் போய்விட்டன. உங்கள் ஊருக்கு விமானத் தபாலில் அனுப்பச் சொன்னேன். வாசகத்தை அப்படியே எழுதுகிறேன், யாராவது கேட்டால் காட்ட உதவும்:

"சென்ற இதழில் வெளியான கட்டுரையில் குறிப்பிடப்பட்ட கோப்புகள் எமது காப்பகத்தில் இல்லை, இருந்ததுமில்லை. கட்டுரையாளராகச் சுட்டப்பட்ட செப்பனிடும் பிரிவுப் பொறுப்பாளர் என்னும் பதவியில் எமது காப்பகத்தில் எவரும் பணியாற்றவில்லை, பணியாற்றியதுமில்லை."

இரண்டாவது வாக்கியம் எனக்கு உறுத்தியது. அதை மட்டும் எடுத்துவிடலாமா என்று அடிக்குறிப்பு அம்மாவிடம் கெஞ்சினேன். ஓர் உறுப்பு அலுவலகம் அனுப்புகிற மறுப்பில் ஒரு புள்ளியைக்கூட நாம் தொடக் கூடாது, தொட்டால் நாளை எவனும் நம்மை நம்ப மாட்டான் என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. சரி, பதவிதானே, ஆளையா சொல்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வந்த பிறகு அண்ணனே இதை வைத்துக் கிண்டல் அடிப்பான். "இல்லாத வேலைக்கு இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கேன், பாத்தியா என் சாமர்த்தியத்தை" என்பான். அதை அவன் வாயால் கேட்க வேண்டும்.

வந்ததும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நீ என்று எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 14

நாத்தனாருக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

அவர் வரவில்லை.

இதழ் வந்ததும் நான் ஆபீஸுக்குப் போனேன். வாசலில் இருந்த காவல்காரர் என்னைப் பதினைந்து வருஷமாகத் தெரிந்தவர். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சம்பளப் பிரிவுக்குப் போனேன். அந்தப் பதவியே கிடையாது, அப்புறம் எங்கே சம்பளம் என்றார்கள். அவர் பிரிவு இருந்த அறையில் இப்போது நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தாள் காயவைக்கிற கொடிகள் மட்டும் இன்னும் கட்டியபடியே இருந்தன.

காவல் நிலையத்தில் ஆளைக் காணவில்லை என்று எழுதிக்கொடுத்தேன். எங்கே வேலை செய்தார் என்று கேட்டார்கள், சொன்னேன். விசாரித்துவிட்டு மறுவாரம் வரச் சொன்னார்கள். போனபோது மெத்தையும் அங்கே இருந்தார். எனக்காக எழுந்து நின்று நாற்காலி போட்டார். மேசையில் உன் இதழ் விரித்தபடி இருந்தது. அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு அதே மெத்தென்ற குரலில் சொன்னார்:

"அம்மா, இது நாங்க சொல்றதில்ல. உங்க நாத்தனார் நடத்துற பத்திரிகை. நாப்பது நாட்டுல படிக்கிறாங்க. இப்படி ஒருத்தர் இங்க வேலையே பார்க்கலைன்னு அவங்களே அச்சுல போட்டிருக்காங்க. இல்லாத ஆளை நாங்க எங்கம்மா தேடுறது?"

பல் டாக்டரிடம் வருகிறவர்கள் மாதிரி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் போடு என்று சொன்னது நான்தான், அதையும் மறக்கவில்லை. அந்த இரண்டாவது வாக்கியம் உனக்கு உறுத்தியது என்று எழுதியிருந்தாய். என்னிடம் முன்பே காட்டியிருந்தாலும் நான் போடு என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அழாதே. நீ அழுகிறாய் என்று நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

இன்னொரு மறுப்பு போட முடியுமா என்று யோசிக்காதே. அதற்கும் அந்த ஆபீஸ்தான் எழுதித் தர வேண்டும் என்பாய், எனக்குத் தெரியும். நான் பிரதி வாரம் காவல் நிலையத்துக்குப் போகிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போகச் சொல்ல அவர்களுக்கு இன்னும் வாய் வரவில்லை.

நீ எனக்காக ஒன்று செய். இனிமேல் எனக்குக் கடிதம் போடாதே, டாக்டர் முகவரிக்கும் வேண்டாம். அவருக்குப் போடு. எங்கள் வீட்டு முகவரிக்கு, உறையின்மேல் அவர் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிப் போடு. பிரித்துப் படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும், உள்ளே என்ன வேண்டுமானாலும் எழுது, ஒன்றும் எழுதாமல் வெள்ளைத் தாள் வைத்தாலும் சரி. எங்கள் தெருத் தபால்காரர் வாசலில் நின்று பெயரைச் சத்தமாகப் படித்துத்தான் கடிதம் கொடுப்பார், உனக்குத் தெரியுமோ என்னவோ. வாரத்துக்கு ஒரு தரமாவது அந்தப் பெயர் தெருவில் கேட்கட்டும். நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணி